பொருள்: பைனரி பிளாப் = 'இருமப் பொதி' வேண்டாம்; 'மூலமிலி' சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

முழுக்கக் கட்டற்ற மென்பொருளிலேயே ஓடும் மேசைக்கணினியைக் குறைந்த செலவில் தேர்ந்தெடுப்பது எப்படி என்ற நம் வழிகாட்டியைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது, ஒரு சொல்லில்தான் நிற்கிறது. 'பைனரி பிளாப்' (மனிதர் எழுதிய மூலநிரலைத் தராமல், கணினி மட்டும் படிக்கும் இரும வடிவில் தரப்படும் கோப்பு) வரும் இடமெல்லாம் 'இருமப் பொதி' என்று எழுதி வைத்திருக்கிறோம். அதை மாற்றுவோம் என்று கேட்கத்தான் இந்த மடல். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சொல்லை நம்பி ஒருவர் தவறான பொருளை வாங்கிவிட்டார். பழைய வழிகாட்டியில் இருந்த வரி இது: 'இருமப் பொதி தேவைப்படாத வைஃபையாகப் பார்த்து வாங்குங்கள்.' அவர் ட்ரிஸ்குவல் என்ற முழுக்கக் கட்டற்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்துபவர். கண்ணில் பட்ட ஒரு யூஎஸ்பி வைஃபைக்குத் தனியாக ஏதாவது பொதி நிறுவ வேண்டுமா என்று தேடியிருக்கிறார். வேண்டியதில்லை, சாதனத்தை ஓட்டும் இயக்கி கெர்னலிலேயே (இயங்குதளத்தின் கருவிலேயே) இருக்கிறது என்று தெரிந்தது. சரி, பொதி தேவையில்லை, வாங்கலாம் என்று வாங்கிவிட்டார். அவர் மீது தவறே இல்லை. மென்பொருள் நிறுவும் திரைகளில் எல்லாம் பேக்கேஜுக்குப் 'பொதி' என்று மொழிபெயர்த்து வைத்தவர்கள் நாம்தான்.

செருகியதும் விளக்கு எரியவில்லை. கெர்னல் பதிவை எடுத்து எனக்கு அனுப்பினார். முதல் வரியில் இயக்கி சாதனத்தை அடையாளம் கண்டிருந்தது. அடுத்த வரியில் கட்டற்ற நிலைபொருள் (ஃபர்ம்வேர், சாதனத்துக்குள் ஓடும் நிரல்) கிடைக்கவில்லை என்ற செய்தி. கோப்பின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு சாய்கோடு, ஓர் உடுக்குறி, அடைப்புக்குள் பெரிய எழுத்துகளில் 'டீபிளாப்ட்'. ட்ரிஸ்குவலில் இருப்பது லினக்ஸ்-லிப்ரே கெர்னல். மூலநிரல் தரப்படாத கோப்பு என்றால் அதன் பெயரையே அழித்துவிட்டு இந்தச் சொல்லை அது வைத்துவிடும். 'டீபிளாப்ட் என்றால் என்னங்க?' என்று கேட்டார். ஒரு வரியில் சொல்ல எனக்குத் தமிழ்ச்சொல் இல்லை. மூன்று பத்தி எழுதி அனுப்பினேன்.

அன்று முதல் இதையே யோசிக்கிறேன். 'பொதி'யை விட 'இருமம்'தான் பெரிய சிக்கல் என்று இப்போது தோன்றுகிறது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் நாம் இறக்கும் நிரல்கள் எல்லாம் இரும வடிவில்தான் வருகின்றன. லிப்ரெஓபிஸ் அப்படித்தான் வருகிறது, கெர்னலும் அப்படித்தான். மூலம் வேண்டுமென்றால் ஒரு கட்டளையில் கிடைத்துவிடும் என்பதால் யாரும் குறை சொல்வதில்லை. இருமமாக இருப்பது குற்றமில்லை. மூலத்தைத் தராமல் இருமத்தை மட்டும் தருவதுதான் குற்றம். நம் சொல் அந்தக் குற்றத்தைத் தொடவே இல்லை. போதாததற்குத் தரவுத்தளக்காரர்களுக்கும் ஒரு 'பிளாப்' உண்டு. படம், ஒலி போன்ற பெரிய இருமத் தரவை அப்படிச் சொல்கிறார்கள். அதில் யாருக்கும் வழக்கில்லை. 'இருமத் திரள்' என்ற சொல்லை அவர்களுக்கே கொடுத்துவிடலாம்.

போன வாரம் இழையில் வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> நிலைபொருள் என்றாலே போதுமே, புதிய சொல் எதற்கு?

போதாது. ஃபர்ம்வேர் என்ற சொல்லை 1967இல் ஆஷர் ஓப்ளர் உருவாக்கியபோது, வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் நடுவே நிற்பது என்ற பொருளில்தான் உருவாக்கினார். அது இருக்கும் இடத்தைச் சொல்லும் சொல். மூலம் கிடைக்குமா என்பதைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. ஏஆர்9271 சில்லு உள்ள யூஎஸ்பி வைஃபையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் ஒவ்வொரு முறையும் ஒரு நிலைபொருள் கோப்பை ஏற்றத்தான் வேண்டும். ஆனால் 2013இலேயே அதன் மூலநிரலைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள், ட்ரிஸ்குவலில் செருகியவுடன் ஓடும். நம் வாசகர் வாங்கியிருக்க வேண்டியது அதைத்தான். 'நிலைபொருள் தேவைப்படாததாகப் பாருங்கள்' என்று நாம் எழுதினால் இந்த நல்ல சில்லையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். மறுபக்கம், பிளாப் எல்லாமே நிலைபொருளும் அல்ல. என்விடியாவின் தனியுரிம இயக்கியின் பெரும்பகுதி மூலம் தராமல் வருவது. ஓடுவதோ கணினியின் மையச் செயலியில். அதை நிலைபொருள் என்று யாரும் சொல்வதில்லை.

> மூடுநிரல்?

இது வினைத்தொகை, மூடிய நிரல் என்று பொருள்; பரிந்துரைத்தவருக்கு அது தெரியும். ஆனால் திரையில் ஒரு பொத்தான் மேல் 'மூடுநிரல்' என்று இருந்தால் நிரலை மூடச் சொல்கிறது என்றுதான் கை போகும். மொழிபெயர்ப்புச் சரங்களில் சொற்கள் தனியாக நிற்கும், சூழல் துணைக்கு வராது.

> மறைநிரல்?

மறையாக்கம், மறைச்சாவி என்று அந்த வேரை ஏற்கெனவே என்க்ரிப்ஷனுக்குக் கொடுத்துவிட்டோம்.

> கட்டற்றதற்கு எதிர்ச்சொல் கட்டுண்டது. 'கட்டுண்ட நிரல்' என்று வைப்போம்.

அழகான சொல், எனக்கும் இதன் மீது ஆசை இருந்தது. ஆனால் தனியுரிம மென்பொருள் முழுவதற்கும் அது பொருந்தும். கட்டற்ற கெர்னலுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னக் கோப்பை மட்டும் சுட்டிக்காட்ட அது பெரிய சொல்.

என் பரிந்துரை 'மூலமிலி'.

இலி என்ற ஈறு நமக்குப் புதிதில்லை. கணக்குப் பாடத்தில் முடிவிலி படித்தோம், உயிரியலில் முதுகெலும்பிலி. நம் துறையிலேயே வயர்லெஸ்ஸுக்குக் கம்பியிலி என்ற சொல் ஓடிக்கொண்டிருக்கிறது. மூலநிரல் என்ற சொல்லும் நிலைத்துவிட்டதால், கேட்பவருக்கு இரண்டு பாதியும் தெரிந்தவை. வேற்றுமை உருபுகளும் இடறாமல் ஏறுகின்றன: மூலமிலியை ஏற்று, மூலமிலிகளின் பட்டியல், மூலமிலியால் ஓடும் அட்டை. 'டீபிளாப்ட்' வரும் இடத்தில் 'மூலமிலி நீக்கப்பட்டது' என்று வைத்துப் பாருங்கள்.

மூலம் உலகத்தில் இல்லாமல் இல்லையே, தயாரித்தவரிடம் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கம்பியிலிக் கருவியைத் திறந்தால் உள்ளே கம்பி இருக்கத்தான் செய்கிறது. நமக்கும் அதற்கும் நடுவில்தான் இல்லை. இதுவும் அப்படித்தான். யார் கையில் இல்லை என்று பார்க்க வேண்டும். பயனர் கையில் இல்லை.

வழிகாட்டியில் இந்தச் சொல்லைப் போட்டு எழுதிப் பார்த்தேன். வரைகலைப் பத்தி இப்படி வந்தது: 'இன்டெல்லின் பழைய உள்ளமை வரைகலை மூலமிலி எதையும் கேட்பதில்லை, 2015இல் வந்த ஸ்கைலேக் தலைமுறை முதல் சில வசதிகளுக்குக் கேட்கிறது. என்விடியாவின் கெப்ளர் தலைமுறை அட்டைகள் நூவோ என்ற கட்டற்ற இயக்கியில் மூலமிலி இன்றிப் படம் காட்டும், முப்பரிமாணமும் ஓடும். ஜிடிஎக்ஸ் 900 வரிசையில் முப்பரிமாணத்துக்கு நிறுவனத்தின் கையொப்பமிட்ட மூலமிலி வேண்டும். ஏஎம்டி ரேடியானின் இயக்கி கட்டற்றது, ஆனால் முப்பரிமாண முடுக்கத்துக்கு மூலமிலி ஏற்ற வேண்டும்.' அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே எனக்கு இந்தச் சொல் வேண்டும். 'கட்டற்ற இயக்கி உண்டு' என்று படித்துவிட்டு வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம் அதுதான். இயக்கி வேறு, இயக்கி எடுத்துச் சென்று ஊட்டும் கோப்பு வேறு என்று இதுவரை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்ததில்லை.

தாய்ப்பலகைப் பத்தியில் ஒரு கிளைக்கேள்வி வந்தது. குறைந்த செலவு என்றால் நான் முதலில் சொல்வது ஜிகாபைட் ஜிஏ-ஜி41எம்-இஎஸ்2எல் பலகையை. இன்டெல் கோர் 2 செயலிகளின் காலத்தது, பழைய பொருளாகத்தான் கிடைக்கும். கணினியைத் துவக்கும் பயாஸ் இருக்கும் இடத்தில் லிப்ரேபூட் என்ற கட்டற்ற மாற்றை வைக்கலாம், பலகைக்குள் தனியே ஓடும் இன்டெல்லின் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற துணைக்கணினியின் தொல்லை அதில் இல்லை. நெஹலேம் தலைமுறைச் செயலிகளுக்குப் பிந்தைய இன்டெல் பலகைகளில் அந்த எஞ்சினின் மூலமிலியை முழுதாக எடுத்துவிட்டால் கணினி கிளம்பாது, கிளம்பினாலும் அரை மணி நேரத்தில் தானே அணைந்துவிடும். ஜி41 பலகையில் நினைவகம் 8 ஜிபிக்கு மேல் ஏறாது என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். எழுத, படிக்க, நிரல் எழுதப் போதும், கனமான வலைத்தளங்களில் திணறும். டாலோஸ் II போன்ற, ஐபிஎம்மின் பவர்9 செயலி உள்ள இயந்திரங்கள் வேகமும் சுதந்திரமும் சேர்ந்தவை, ஆனால் அவற்றின் விலைக்கு இந்த வழிகாட்டியில் இடமில்லை.

கிளைக்கேள்வி இதுதான். அந்த ஜி41 கணினியிலும் வன்தட்டுக்குள் ஒரு நிலைபொருள் இருக்கிறது, செயலிக்குள் நுண்நிரல் (மைக்ரோகோட்) இருக்கிறது. அவையும் மூலமிலிகள்தானே? கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தன் சான்றளிப்பில் ஒரு கோடு கிழிக்கிறது: துணைச்செயலிக்குள் பதிந்து, பயனர் மாற்றும்படி வைக்கப்படாததை ஏறக்குறைய வன்பொருளாகவே எடுத்துக்கொள்கிறது. இயங்குதளம் ஏற்ற வேண்டிய கோப்பை மென்பொருளாகவே பார்க்கிறது. அந்தக் கோடு சரியா என்ற பழைய சண்டைக்கு இங்கே போக வேண்டாம். பெயரில் மட்டும் நேர்மையாக இருப்போம். இரண்டும் மூலமிலிதான். கோப்பாக ஏற்றுவதை 'ஏற்று மூலமிலி' என்றும், சில்லுக்குள் பதிந்து வருவதை 'பதி மூலமிலி' என்றும் பிரித்துக்கொள்ளலாம். வாங்கும்போது நம்மால் தேர்ந்தெடுக்க முடிவது பெரும்பாலும் முதல் வகையைத்தான்.

டெபியன் மொழிபெயர்ப்பைப் பார்ப்பவர்களுக்கு இதில் கூடுதல் அவசரம் உண்டு. 2022இல் நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகு, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல், அதிகாரப்பூர்வ நிறுவியிலேயே இந்த நிலைபொருள்கள் சேர்ந்து வருகின்றன. முன்பெல்லாம் நிறுவி நடுவில் நின்று, இந்தக் கோப்பு இல்லை என்று கேட்கும். தொல்லைதான், ஆனால் அந்தக் கேள்வியே ஒரு சோதனையாக இருந்தது. இப்போது எல்லாம் தானாக ஓடிவிடுகிறது, எது மூலமிலியால் ஓடுகிறது என்று புதியவருக்குத் தெரிவதில்லை. அதனால் வழிகாட்டியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: பழைய கணினியை வாங்கும் முன் ட்ரிஸ்குவலை யூஎஸ்பியில் இருந்து துவக்கி, வைஃபை, ஒலி, முப்பரிமாணம் மூன்றையும் அங்கேயே பாருங்கள்.

ஒரு குறை எனக்கே தெரிகிறது. 'மூலமிலி இல்லாத கணினி' என்று எழுதினால் இரண்டு எதிர்மறை சேர்ந்து நாக்கைக் குழப்புகிறது. அதற்கு நேர்ச்சொல்லாக 'முழுமூலக் கணினி' என்று வைத்தேன். 'கட்டற்ற வன்பொருள்' என்று சிலர் எழுதுகிறார்கள், அது வேறு. அங்கே வன்பொருளின் வடிவமைப்பு வரைபடம் திறந்திருக்கிறது. செயலியின் ஆணைத்தொகுதி திறந்திருக்கும் ரிஸ்க்-ஃபைவ் பலகையிலும் வரைகலைப் பகுதி மூலமிலி கேட்கலாம். ஜி41 பலகையின் வரைபடம் கட்டற்றதில்லை, ஆனாலும் இயங்குதளம் எந்த மூலமிலியையும் ஏற்ற வேண்டியதில்லை. பதி மூலமிலிகள் இருக்கும் கணினியை 'முழு' என்று சொல்லலாமா என்பதில் எனக்கே தயக்கம் உண்டு. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் விட்டுக்கொடுக்கிறேன்.

நேற்று அந்த வாசகருக்கு விளக்கம் எதுவும் சொல்லாமல், 'இந்த அட்டை மூலமிலி கேட்கும்' என்று மட்டும் எழுதி, என்ன புரிகிறது என்று கேட்டேன். 'மூலநிரல் தராத ஏதோ ஒன்றைப் போட்டால்தான் ஓடுமா?' என்று பதில் வந்தது. பின்னாலேயே இன்னொரு கேள்வியும் வந்தது: மூலத்தைக் கொடுத்துவிட்டு, தங்கள் கையொப்பம் இருந்தால்தான் சில்லு ஏற்கும் என்று வைத்தால் அதற்கு என்ன பெயர்?

அது மூலமிலி ஆகாது. மூலம் கையில் இருந்தும் மாற்றி ஓட்ட முடியாத நிலை அது. 'கையொப்பப் பூட்டு' என்று தற்காலிகமாகக் குறித்து வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். இந்த இழையில் 'மூலமிலி' இடறும் வாக்கியம் கண்ணில் பட்டால் அந்த வாக்கியத்தை அப்படியே அனுப்புங்கள்.

அன்புடன்,
வழிகாட்டித் திருத்தத்தில் இருந்து