வெளியூர் வரலாற்று மியூசியத்தில் இன்டர்ன்ஷிப்: போகும் முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

கேள்வி (புதியவன்):
வரலாறு முதுகலை முடிக்கப் போகிறேன். வீட்டிலிருந்து வெகு தூரத்தில் ஒரு வரலாற்று மியூசியத்தில் மூன்று மாத இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. சேகரிப்புப் பிரிவில் பதிவு வேலை என்று மட்டும் சொன்னார்கள். அந்த ஊரில் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. கிளம்பும் முன் எதையெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும்? அரும்பொருட்களைத் தொட்டு வேலை செய்யச் சொன்னால் எங்கே தப்பு நடக்கும்?

பதில் (ஏடகம்):
முதலில் மின்னஞ்சலில் எழுத்தாக வாங்க வேண்டியவை: நேரடி மேற்பார்வையாளர் யார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், உதவித்தொகை உண்டா, உண்டென்றால் மாதக் கடைசியிலா மொத்தமாக முடிவிலா, வேலையில் அடிபட்டால் காப்பீடு யார் பொறுப்பு. கடைசியில் கொடுப்பார்கள் என்றால் மூன்று மாதச் செலவையும் நீங்கள்தான் முன்கூட்டித் தாங்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் பலர் திணறுவது இங்கேதான். அடையாளச் சான்று, கல்லூரிக் கடிதம் இரண்டையும் முன்னரே அனுப்பிவிடுங்கள். காட்சியில் இல்லாத பொருட்களை வைத்திருக்கும் காப்பறைக்குள் போகும் அனுமதி அட்டைக்குச் சில இடங்களில் நாளாகும், அதுவரை சும்மா உட்கார நேரும்.

அறையை மூன்று மாதத்துக்கும் ஒரேயடியாகப் பிடிக்காதீர்கள். முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும் எடுங்கள். காப்பறை பெரும்பாலும் காட்சிக்கூடத்திலேயே இருப்பதில்லை, ஊரின் வேறொரு மூலையில் தனிக் கட்டடத்தில் இருக்கலாம். உங்கள் வேலை எந்தக் கட்டடத்தில் என்பதையும் கேளுங்கள்.

பதில் (சுவடிக்காரர்):
கையாளுவது பற்றி. மோதிரம், வளையல், தொங்கும் அடையாள அட்டை, பெரிய பெல்ட் பக்கிள் எதுவும் வேண்டாம், எல்லாமே கீறும். பொருளைத் தூக்கும் முன் அதை வைக்கப்போகும் இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். கையில் பானையோடு இடம் தேடும்போதுதான் உடைகிறது. கைப்பிடியையோ விளிம்பையோ பிடித்துத் தூக்கவே கூடாது. பழைய ஒட்டு முதலில் விடுவது அங்கேதான். ஒரு கை அடியில், ஒரு கை பக்கவாட்டில்.

பேனா உள்ளே வரக் கூடாது, பென்சில் மட்டும். பாடம் செய்த பழைய விலங்குகள், பறவைகளை வெறுங்கையால் தொடாதீர்கள். பூச்சி அரிக்காமலிருக்க ஒரு காலத்தில் ஆர்செனிக் தடவினார்கள், அது இன்னமும் அதிலேயே இருக்கும்.

புதியவன்:
நன்றி. எல்லாவற்றுக்கும் வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டால் பாதுகாப்புதானே?

பதில் (சுவடிக்காரர்):
இல்லை. கண்ணாடியும் மெருகிட்ட பீங்கானும் பருத்தியில் வழுக்கும். காகிதம், ஏட்டுச்சுவடி என்றால் கையுறை விரலின் உணர்வை மரத்துப்போகச் செய்து ஓரத்தைக் கிழித்துவிடும். இவற்றுக்குக் கழுவி நன்றாக உலர்த்திய கையே நல்லது. உலோகத்துக்கும் புகைப்படத்துக்கும் நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை. விரல் வியர்வையில் உள்ள உப்பு வெள்ளியிலும் செம்பிலும் ரேகையாகவே அரித்துப் பதிந்துவிடும்.

பதில் (பதிவேட்டு ஆள்):
பதிவு வேலையைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். உடைந்த பானையை ஒட்டலாம். பதிவு எண் இழந்த பானை எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது எதுவும் தெரியாத வெறும் பானை.

2019.12.3 என்ற மாதிரி எண் பல மியூசியங்களில் உண்டு: 2019இல் வந்தது, அந்த ஆண்டின் 12ஆவது வரவு, அதில் மூன்றாவது பொருள். மூடியுள்ள ஜாடி என்றால் ஜாடிக்கும் மூடிக்கும் தனித்தனியாக எழுத்து சேர்ப்பார்கள். மூடியை மறந்தால் பின்னால் அது எந்த ஜாடியின் மூடி என்றே தெரியாது.

எண்ணைப் பொருளின் மேல் நேராக எழுதுவதில்லை. கண்ணில் படாத, தேயாத இடமாகப் பார்த்து, அசிட்டோனில் கரைத்த பாரலாய்ட் பி-72 என்ற நிறமற்ற பிசினால் ஒரு மெல்லிய பூச்சு. அது காய்ந்ததும் எண். மை நன்றாகக் காய்ந்த பிறகு மேலே ஒரு பூச்சு, ஒரே இழுப்பில். திரும்பத் திரும்பத் தூரிகையை ஓட்டினால் எண் கலங்கிவிடும். பிளாஸ்டிக்கில் இதைச் செய்யவே கூடாது, அசிட்டோன் பல பிளாஸ்டிக்குகளைக் கரைக்கும். துணிக்குப் பருத்தி நாடாவில் எண் எழுதி இரண்டு தையல். காகிதத்துக்குப் பின்பக்க மூலையில் மென்மையான பென்சில்.

பொருள் இப்போது எப்படி இருக்கிறது என்ற நிலைக்குறிப்பு எழுதும்போது ‘நல்ல நிலை’ என்று முடித்துவிடாதீர்கள். ‘வாய் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி 4 செ.மீ. விரிசல், இடது கைப்பிடிக்கு அருகில்’ என்று எழுதினால்தான் அடுத்த ஆண்டு அது வளர்ந்ததா என்று தெரியும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடு பள்ளம் அப்போதுதான் தெரியும். பொருளை நகர்த்தினால் பதிவில் அதன் அலமாரி எண்ணை அந்த நிமிடமே மாற்றுங்கள். மாலையில் செய்யலாம் என்று விட்டவைதான் காணாமல் போனவை பட்டியலில் சேர்கின்றன.

பதில் (ஏடகம்):
இன்னும் ஒன்று. காப்பறைப் படங்களைச் சமூக வலைதளத்தில் போடாதீர்கள், பாதுகாப்பு ஏற்பாடு வெளியே தெரிந்துவிடும். வேலை விண்ணப்பத்தில் காட்ட எந்தப் படங்களை வைத்துக்கொள்ளலாம் என்று எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எந்த மென்பொருள், எத்தனை பதிவுகள், என்ன வகைப் பொருட்கள் என்று வாரந்தோறும் குறித்து வாருங்கள். கடைசி வாரத்துக்கு முன்பே அந்தக் குறிப்பை மேற்பார்வையாளரிடம் கொடுத்துப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். ஊர் திரும்பிய பிறகு கேட்டால் பொதுவான நாலு வரிதான் வரும்.