புதுப்பிப்பு: பொலிஸ் வேலைக்கான பின்னணி விசாரணை முடிந்தது
கான்ஸ்டபிள் வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு, ஹெல்மெட் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓடி நீதிமன்றத்தில் தண்டம் கட்டிய பழைய கதை பின்னணி விசாரணையில் இடிக்குமோ என்று முன்னர் கேட்டிருந்தேன். சரி, விசாரணையில் பாஸாகிவிட்டேன். மறைக்காமல் எழுது என்ற அண்ணாமாருக்கு நன்றி. எழுதினேன், வந்த சார்ஜன்ட் தண்டம் கட்டிய பற்றுச்சீட்டை மட்டும் கேட்டார் (அம்மா பத்திரமாக வைத்திருந்தா, இல்லாவிட்டால் கதை கந்தல்). உண்மையில் இழுத்தடித்தது விலாசம்தான்: அடையாள அட்டையில் களுவாஞ்சிகுடி, நாங்கள் இருப்பதோ கல்லடியில், ஆகவே இரண்டு இடத்துக் கிராம உத்தியோகத்தரிடமும் சான்றிதழுக்கு அலைந்தேன், அப்புறம் பிரதேச செயலகத்தில் மேலொப்பம். அயலிலும் விசாரித்தார்கள், முன்வீட்டு மாமி தேத்தண்ணி கொடுத்து, என் சின்ன வயசுக் குழப்படியையும் சேர்த்தே சொல்லியிருக்கிறா. இனிப் பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறார்களோ, கல்லடிப் பயிற்சிக் கல்லூரி என்றால் நடந்தே போய்விடுவேன்.