தலைக்காயத்தோடு ஐசியூவில் தகப்பன்: சபையின் சந்திப்புக் குழு எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது?

சேகரக்கமிட்டி_நெல்லை:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை ஒன்றின் சந்திப்புக் குழுவுக்காகக் கேட்கிறேன். சபைக் குடும்பம் ஒன்றில் தகப்பனார், வயது 48, பைக் விபத்தில் தலையில் அடிபட்டு வென்டிலேட்டரில் இருக்கிறார். ஒரு பக்க மண்டை எலும்பை எடுத்து ஆபரேஷன் ஆகி இன்று ஆறாம் நாள். ஜி.சி.எஸ். (சுயநினைவு அளவெண்) நேற்றுவரை 4. இன்று டாக்டர், "பிரெயின் டெத் டெஸ்ட் தேவைப்படலாம்" என்றிருக்கிறார். வெளியூர் ஊழியர் ஒருவரோ, "ஏழாம் நாள் எழும்புவார் என்று கர்த்தர் காட்டினார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மனைவி அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். மனைவியின் தாயார் கத்தோலிக்கர். சாமியார் வந்து எண்ணெய் பூசவேண்டும் என்கிறார். கல்லூரி படிக்கும் மகளும் 6 வயது மகனும் இருக்கிறார்கள். ஐசியூவுக்குள் என்ன செய்யலாம்? அந்த "ஏழாம் நாள்" பேச்சை எப்படிக் கையாள்வது? அந்த டெஸ்ட் என்றால் என்ன?

ஐசியூ_சிஸ்டர்:
உள்ளே போகும் விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

எலும்பு எடுத்த பக்கம் எது என்று டியூட்டி நர்ஸிடம் முதலில் கேளுங்கள். அந்த இடத்தில் தோலுக்குக் கீழே நேராக மூளைதான். தலையில் கைவைத்து ஜெபிக்கும் வழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். தோளிலோ கையிலோ வையுங்கள், ஊசி ஏறும் கையாக இல்லாமல். வயிற்றில் புதுத் தையல் இருந்தால் பதற வேண்டாம். எடுத்த எலும்பைப் பல இடங்களில் வயிற்றுத் தோலுக்கடியில்தான் பத்திரமாக வைப்பார்கள்.

ஜெப எண்ணெயை விரல்நுனியில் ஒரு துளி தொட்டு, உள்ளங்கையில் போடுங்கள். கன்னத்தில், வாயோரத்தில் வேண்டவே வேண்டாம். சுவாசக் குழாயைப் பிடித்திருப்பது அங்கே ஒட்டியுள்ள டேப்தான். எண்ணெய் பட்டால் வழுகும், குழாய் நகரும். மார்பில் தடவினால் ஈசிஜி ஸ்டிக்கர் கழன்று அலாரம் அடிக்கும். வாயில் தீர்த்தமோ திராட்சரசமோ ஒரு சொட்டுக்கூட விடாதீர்கள், நுரையீரலுக்குள் இறங்கிவிடும். மெழுகுவர்த்தி கூடாது, ஆக்சிஜன் ஓடும் இடம்.

ஒரு நேரத்தில் இரண்டு பேர், ஐந்து நிமிடம், தாழ்ந்த குரல். காதருகே அவர் பழகிய கீர்த்தனையை மகள் பாடலாம், தடையில்லை. கூட்டமாக நின்று உரத்த சத்தமாய் ஜெபிப்பதை வராந்தாவிலும் தவிர்க்கவேண்டும். பக்கத்துப் படுக்கைக்காரரும் யாரோ ஒருவருடைய தகப்பன்தான்.

ஓய்வுபெற்ற_ஐயர்:
அந்த ஊழியர் சொன்னதை மனைவியிடம் வாதாடி உடைக்கப் பார்க்காதீர்கள். நாளை கழிந்தால் அது தானாக உடையும். அப்போது பக்கத்தில் யார் நிற்பது என்பதை இன்றே முடிவுசெய்யுங்கள். நான் அஞ்சுவது எட்டாம் நாளுக்கு. அன்றைக்கு யாராவது "விசுவாசம் குறைந்துபோச்சு", "குடும்பத்தில் ஏதோ மறைவான பாவம்" என்பார்கள். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் வாய்திறவாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்ததும் கெட்டது.

கேட்டால் மட்டும் சொல்லுங்கள்: பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியஸ்தனாகவே விட்டுவந்தார் (2 தீமோத்தேயு 4:20). தன் சரீரத்தை வாட்டிய முள்ளுக்காக மூன்றுதரம் வேண்டியும் அது எடுக்கப்படவில்லை. அவருக்கு விசுவாசம் குறைவு என்று எந்தப் பிரசங்கியாரும் சொல்வதில்லை. நடவாத தீர்க்கதரிசனம் கர்த்தர் சொல்லாத வார்த்தை என்று உபாகமம் 18:22 தெளிவாகவே பேசுகிறது. அந்த வசனத்தை, "ஏழாம் நாள்" என்று சொன்ன ஊழியரிடம் கொண்டுபோங்கள், மனைவியிடம் அல்ல.

ஜெபத்தின் வார்த்தைகளைக் கவனியுங்கள். "இப்போதே எழுப்பும்" என்று மட்டும் ஜெபித்தால், டாக்டர் கெட்ட செய்தி சொல்லும்போது அவர் தேவனுக்கு எதிராளியாகத் தெரிவார். சுகத்துக்காகவும் கேளுங்கள். அதே மூச்சில் டாக்டர்களின் கைகளுக்காகவும், இந்த ராத்திரியைக் கடக்க வீட்டாருக்குப் பெலனுக்காகவும் கேளுங்கள். வாசிக்க 23ஆம் சங்கீதம் எல்லோருக்கும் தெரியும். 88ஐயும் வைத்துக்கொள்ளுங்கள், முடிவில்கூட ஆறுதல் வரி இல்லாத சங்கீதம் அது. மகள் கோபத்தில் இருந்தால் அதுதான் அவளுக்கு. இயேசு பிறகு உயிரோடெழுப்பிய லாசருவின் சகோதரிகள் இருவரும், "நீர் இங்கே இருந்தீரானால்" என்று ஆண்டவரிடமே குறைசொன்னார்கள். அவர் அதட்டவில்லை, கண்ணீர் விட்டார்.

இன்னொன்று. புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை (அந்த ஆண்டுக்கான வேதவசனம்) அந்த வீட்டுச் சுவரில் நிச்சயம் இருக்கும். அதைக் கழற்றவும் வேண்டாம், அதை வைத்துப் பிரசங்கம் பண்ணவும் வேண்டாம்.

அன்பியம்_தூத்துக்குடி:
பூசுதல் பற்றி. நோயில்பூசுதல் உயிரோடிருப்பவருக்கான அருளடையாளம். டெஸ்ட் முடியும்வரை காத்திருக்காமல் இன்றே பங்குத்தந்தையை அழையுங்கள். நெற்றியிலும் கைகளிலும் பூசுவது முறை. தலையில் கட்டு இருந்தால் உடலின் வேறோர் இடத்தில் ஒருமுறை பூசினாலே போதும் என்று திருச்சபைச் சட்டமே இடம்தருகிறது. ஒன்று மட்டும்: நோயாளி சி.எஸ்.ஐ. என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கத்தோலிக்கர் அல்லாதவருக்குப் பூசக் கட்டுப்பாடுகள் உண்டு. சாமியார் ஆசீர் அளித்து ஜெபித்துப் போகலாம். மாமியாரிடம் இதை வராந்தாவில் வைத்துச் சொல்லாமல் வீட்டிலேயே சொல்லிவைப்பது நல்லது.

உறுப்புதான_ஒருங்கிணைப்பு:
டெஸ்ட் விஷயம். ஜி.சி.எஸ். 4 என்றால் ஏதோ ஒரு அசைவு இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் மூளைச்சாவு பரிசோதனை கிடையாது. மிகக் குறைந்த 3க்கு இறங்கி, மூளைத்தண்டின் அனிச்சைகளும் நின்றால்தான். ஆகவே "நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது?" என்பதே டாக்டரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி. மயக்க மருந்து நிறுத்தி எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது இரண்டாவது.

1994ஆம் ஆண்டு உறுப்புமாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர் குழு பார்க்கவேண்டும். உறுப்பைப் பொருத்தும் குழுவினர் அதில் இருக்கக்கூடாது. குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டுமுறை. கண்மணியில் வெளிச்சம், விழியைப் பஞ்சால் தொடுதல், காதில் குளிர்ந்த நீர், தொண்டையில் குழாய் பட்டால் இருமல், இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியில் வென்டிலேட்டரை விலக்கி ஆக்சிஜனை மட்டும் கொடுத்து, தானாக ஒரு மூச்சாவது எடுக்கிறாரா என்று பார்ப்பார்கள். இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு 60ஐத் தாண்டியும் மூச்சு வராவிட்டால் மூளைத்தண்டு வேலைசெய்யவில்லை.

இனி சொல்வதை மனைவிக்கு முன்கூட்டியே டாக்டர் வாயால் சொல்லவையுங்கள். மூளைச்சாவுக்குப் பிறகும் முதுகுத்தண்டின் அனிச்சையால் விரல், கால் அசையலாம். அபூர்வமாக இரு கைகளும் உயர்ந்து மார்பில் மடங்கும். மருத்துவத்தில் அதற்கு வைத்த பெயரே "லாசரு அறிகுறி". ஏழாம் நாளுக்காகக் காத்திருப்பவர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். பெயர்வைத்தவர்கள் இந்த வீட்டை நினைத்திருக்கமாட்டார்கள்.

உறுப்புதானத்தைச் சபை முந்திக்கொண்டு பேசவேண்டாம். சான்றிதழ் ஆனபின் ஒருங்கிணைப்பாளர் பேசுவார், சம்மதமும் மறுப்பும் வீட்டார் உரிமை. "சரீரம் முழுசாக இருந்தால்தான் உயிர்த்தெழ முடியுமா?" என்று கேட்டால் சபைப் போதகரான ஐயர் பதில் சொல்லட்டும். கத்தோலிக்க மாமியாருக்கு: இரண்டாம் ஜான் பால் 2000 ஆகஸ்டில் உறுப்புமாற்று மருத்துவர்களிடையே பேசியபோது, மூளைச்சாவு அளவுகோலையும் தானத்தையும் ஏற்றே பேசினார். சம்மதித்தால் அதன்பிறகான பராமரிப்புச் செலவு வீட்டார் தலையில் விழக்கூடாது. தமிழ்நாட்டில் 2023 முதல் அரசு மரியாதையும் உண்டு.

இது விபத்து வழக்கு. "வீட்டில் உயிர் போகட்டும்" என்று கையெழுத்திட்டுக் கூட்டிப்போனாலும், இறந்தபின் போலீஸ் விசாரணைக்கும் பிரேதப் பரிசோதனைக்கும் அரசு மருத்துவமனைக்குத் திரும்பக் கொண்டுவரவேண்டும். உடல் கைக்கு வரும்வரை அடக்க ஆராதனை நேரத்தை போஸ்டரில் போடாதீர்கள். கல்லறைக்குழி வெட்டி, பெட்டி வந்து, ஜனம் கூடி, உடல் மட்டும் வராமல் மாலை இருட்டுவது அடிக்கடி நடக்கிறது.

சேகரக்கமிட்டி_நெல்லை:
நன்றி. மகனுக்கு "அப்பா தூங்குகிறார்" என்று சொல்லியிருக்கிறார்கள். மாற்றவேண்டுமா?

ஓய்வுநாள்பள்ளி_டீச்சர்:
ஆமாம், இன்றைக்கே. "தூங்குகிறார்" என்று கேட்ட பிள்ளை பிறகு தான் தூங்கவும், அம்மா தூங்கவும் பயப்படும். "அப்பா தலையில் பெரிய அடி, டாக்டர்கள் முயற்சி செய்கிறார்கள், சரியாகாமலும் போகலாம்" போதும். இறந்தால் "இறந்துபோனார், இனி மூச்சு இல்லை, வலியும் இல்லை" என்ற வார்த்தைகளையே சொல்லுங்கள். "இயேசப்பா எடுத்துக்கிட்டார்" என்று சொன்னால், அடுத்து யாரை எடுப்பார் என்றுதான் 6 வயது கேட்கும். "நான் ஜெபம் பண்ணாததாலயா?" என்று கேட்காவிட்டாலும், இல்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

பெட்டியில் பார்க்கக் கூட்டிப்போவதற்கு முன் தலை மழித்திருக்கும், முகம் வீங்கியிருக்கும் என்று சொல்லுங்கள். வரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள்.

ஓய்வுபெற்ற_ஐயர்:
டீச்சர் சொன்னதோடு ஒன்று. அடக்கத்துக்குப் பிறகு பூ, பொட்டு, தாலி என்று உறவுக்காரப் பெண்கள் கிளம்புவார்கள். நம் அடக்க ஆராதனை முறைமையில் அப்படி ஒரு சடங்கே கிடையாது. பெண்கள் ஐக்கியத்தில் வயதில் மூத்த இருவரை அன்று மாலை அந்த வீட்டில் உட்காரவையுங்கள். அவர்கள் சொன்னால் கேட்பார்கள். சாப்பாட்டை முதல் வாரத்தில் எல்லோரும் கொண்டுவருவார்கள், மூன்றாம் வாரம் யாரும் வரமாட்டார்கள். முறைப்பட்டியலை மூன்றாம் வாரத்திலிருந்து போடுங்கள். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் "ஆண்டு முழுவதும் காத்தார்" என்ற சாட்சி நேரத்தில் அந்த மனைவி எங்கே உட்காருவார், பக்கத்தில் யார் என்பதையும் இப்போதே குறித்துவையுங்கள்.