மகள் ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறாள்: அலமாரியைப் பூட்டலாமா?

மல்லிகைப்பந்தல்:
மகளுக்கு 10 வயது. பசி இல்லாத நேரத்திலும் முறுக்கு, பிஸ்கட், சில சமயம் ஆறிப்போன சாதம் என்று கைக்குக் கிடைத்ததை வேகவேகமாகச் சாப்பிடுகிறாள். தலையணை உறைக்குள் பிஸ்கட் கவர்கள் கிடக்கின்றன. கேட்டால் அழுகைதான். எடையும் ஏறிக்கொண்டே போகிறது. தின்பண்டங்களைப் பூட்டி வைத்துவிடலாம் என்கிறார் கணவர். மாமியாரோ "வளர்ற பிள்ளை, சாப்பிடட்டும்" என்கிறார். என்ன செய்வது? எந்த டாக்டரைப் பார்ப்பது?

பசியாறு:
பூட்டாதீர்கள் சகோதரி. கண்ணில் காட்டிக் கைக்குக் கொடுக்காத பண்டத்தின் மேல்தான் பிள்ளைகளுக்கு ஆசை கூடும். மழலையர் பள்ளி வயதுக் குழந்தைகளிடம் அமெரிக்காவில் செய்து 1999-ல் வெளியான ஆய்விலேயே இது தெரிந்துவிட்டது. பூட்டினால் ஒளிவும் வேகமும்தான் கூடும்.

முதலில் இடைவெளியைக் கவனியுங்கள். காலை 7 மணிக்கு அவசரமாக இரண்டு இட்லி, மதிய டிபன் பாக்ஸ் பாதி அப்படியே திரும்பி வருகிறது, வீடு சேர 4.30 என்றால், அந்தப் பசியில் டப்பாவைத் திறக்கும் கை லேசில் நிற்காது. மூன்று வேளை சாப்பாடு, நடுவில் இரண்டு சிறுதீனி. எதற்கும் எதற்கும் நடுவே 3, 4 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. பள்ளி இடைவேளைக்கு வறுத்த வேர்க்கடலையும் ஒரு பழமும். மாலை வந்ததும் ஒரு கப் சுண்டல் அல்லது அவித்த முட்டை, கூடவே வாழைப்பழம், பால். தட்டில் போட்டு, உட்கார வைத்து, டிவி, மொபைல் இல்லாமல் கொடுங்கள். பாக்கெட்டோடு கையில் கொடுத்தால் எவ்வளவு உள்ளே போனது என்று அவளுக்கே தெரியாது. வயிறு நிறைந்தது மூளைக்கு உறைக்கச் சுமார் 20 நிமிடம் ஆகும். அள்ளிப்போட்டுச் சாப்பிட்டால் அதற்குள் அளவு தாண்டிவிடும்.

என்ன, எப்போது, எங்கே என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். எவ்வளவு என்பதை அவளிடம் விடுங்கள். மறுசோறு கேட்டால் முகம் சுளிக்காமல் போடுங்கள். முறுக்கும் கேக்கும் வாரத்தில் இரண்டு நாள் அந்த மாலைத் தட்டிலேயே வரட்டும். மார்க் வாங்கினால் பரிசு, அடம்பிடித்தால் கிடையாது என்று மட்டும் ஆக்காதீர்கள்.

முதல் சில வாரம் முன்பைவிட அதிகமாகவே சாப்பிடலாம். 'நாளைக்கும் கிடைக்குமா' என்ற சந்தேகம் தீரும்வரை அப்படித்தான். பல வீடுகளில் இங்கேதான் பயந்துபோய்ப் பூட்டைத் தேடுகிறார்கள். அதோடு அந்தச் சந்தேகம் உறுதியாகிவிடுகிறது.

வெண்ணிலா_நர்ஸ்:
பூட்டக்கூடாது என்பது எல்லாக் குழந்தைக்கும் பொருந்தாது. பிராடர்-வில்லி என்று ஒரு மரபணுக் கோளாறு உண்டு, 15-ஆம் குரோமோசோம் சார்ந்தது. கைக்குழந்தையில் உடம்பு துவண்டு, பால் குடிக்கவே சிரமப்பட்டிருக்கும். பிறகு சில வருடங்களில் அடங்காப் பசி தொடங்கும். உயரமும் குறைவாக இருக்கும். அந்தக் குழந்தைகளுக்குச் சமையலறையைப் பூட்டுவதே பாதுகாப்பு, ஏனென்றால் போதும் என்ற உணர்வே வராது. உங்கள் மகளுக்குச் சிறு வயதில் இப்படி இருந்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

மருந்துகளையும் பாருங்கள். பசி எடுக்க என்று கொடுக்கும் சிப்ரோஹெப்டடின் சிரப், ஸ்டீராய்டு, வலிப்புக்கான வால்ப்ரோயேட், மனநல, நடத்தைப் பிரச்சினைகளுக்கான ரிஸ்பெரிடோன் எல்லாமே பசியைத் தூண்டும். ஆனால் டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தக்கூடாது. தாகமும் சிறுநீரும் அதிகமாகி எடை குறைந்தால் அன்றே சர்க்கரை பார்க்க வேண்டும். பின்கழுத்து கறுத்துத் தடித்திருந்தால் அது அழுக்கு அல்ல, தேய்த்துக் கழுவாதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம்.

முதலில் குழந்தைநல மருத்துவரிடமே போங்கள். உயரம், எடை இரண்டையும் வளர்ச்சி அட்டவணையில் குறித்துப் பார்ப்பார். வளரும் வயதில் பல பிள்ளைகளுக்கு எடை குறைய வேண்டியதில்லை. எடை அப்படியே நின்று உயரம் கூடினாலே போதும். வீட்டில் தினமும் எடை மெஷினில் ஏற்ற வேண்டாம்.

தென்றல்_கவுன்சிலர்:
நிறுத்த முடியாமல் சாப்பிடுவது, வயிறு வலிக்கும்வரை சாப்பிடுவது, வெட்கப்பட்டுத் தனியாகச் சாப்பிடுவது, பிறகு தன்மேலேயே வெறுப்பு. இது வாரம் ஒரு முறையாவது 3 மாதம் தொடர்ந்தால் மனநல மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை. ஒரு வாரத்துக்கு அவளுக்குத் தெரியாமல் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்கு, எங்கே, அதற்கு முன் என்ன நடந்தது. டியூஷன் முடிந்த பிறகா, யாராவது 'குண்டு' என்று சொன்ன பிறகா, வீட்டில் தனியாக இருக்கும்போதா என்பது அதில் பிடிபடும்.

கவர் கிடைத்தால் சாட்சிபோல் எடுத்து நீட்டாதீர்கள். "சாப்பிடணும்னு தோணினா சொல்லும்மா, திட்ட மாட்டேன், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம்" என்பது போதும். சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போடுவது, வாந்தி வாடை, விரல் முட்டிகளில் காயம் தெரிந்தால், விரல் விட்டுத் தானே வாந்தி எடுக்கிறாளோ என்று பார்க்க வேண்டும், காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி-மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

மல்லிகைப்பந்தல்:
நன்றி. கைக்குழந்தையில் துவண்டதெல்லாம் இல்லை. மாமியார் தனியாகக் கூப்பிட்டு முறுக்கு கொடுப்பதை எப்படி நிறுத்துவது?

பசியாறு:
நிறுத்தச் சொன்னால் அதுவும் ஒளிவாகத்தான் நடக்கும். மாலைத் தட்டை அவர் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். "4.30-க்குப் பேத்திக்கு நீங்கதான் வைக்கணும் அத்தை" என்று கேளுங்கள். முறுக்கு வைப்பதானால் அந்தத் தட்டிலேயே, எல்லோர் முன்னாலும் வைக்கட்டும்.