கண்டெய்னர் வந்ததும் தொங்கான் போச்சாம்! 1972-ஐ வைத்துக் கதை விடாதீர்கள்

கெப்பல்_கிழவன்:
பக்கத்து இழையில் ஒரு மேதாவி எழுதியிருக்கிறார்: "1972ல கண்டெய்னர் கப்பல் வந்துச்சு, சிங்கப்பூர் ஆத்துல சரக்கு ஏத்துற தொங்கான் படகு ஒழிஞ்சுச்சு. ஏஐ-யும் அப்படித்தான், ஒரே அடி." நிஹோன் என்ற கண்டெய்னர் கப்பல் 300 பெட்டிகளோடு தஞ்சோங் பகாருக்கு வந்தது 1972 ஜூன் 23. தொங்கான்கள் ஆற்றை விட்டுப் பாசிர் பாஞ்சாங் போனது 1983. நடுவில் 11 வருஷம். எந்த ஊர்க் கணக்கில் இது ஒரே அடி?

தேக்கா_தம்பி:
மேதாவி நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம், அண்ணே. அமெரிக்காவுல கண்டெய்னர் முறையைத் தொடங்குன மெக்லீன் 1956லயே நியூவர்க்கிலேர்ந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டி அனுப்பிட்டாரு. மூட்டை தூக்குற தொழில் அன்னைக்கே செத்தாச்சு. அப்புறம் நடந்ததெல்லாம் காரியம், கருமாதி.

கெப்பல்_கிழவன்:
11 வருஷக் கருமாதியா? பெரிய குடும்பம் போல. தொங்கானைக் கிளப்பியது பெட்டி இல்லை, அரசாங்கம். பத்து வருஷத்தில் ஆறு சுத்தமாகணும் என்று 1977ல் லீ குவான் இயூ சொன்னார். அதனால்தான் 1983. திரும்பவும் சொல்கிறேன், 1983.

செங்காங்_வாசி:
முதல்ல 'மாற்றம்'னு எதைச் சொல்றீங்க? புதுசு வர்றதையா, பழசு போறதையா? ரெண்டு பேரும் வேற வேற விஷயத்தைப் பேசுறீங்களே.

தேக்கா_தம்பி:
சரக்கெல்லாம் பெட்டிக்குள்ள போக ஆரம்பிச்சதாலதான் அரசாங்கத்துக்கே துணிச்சல் வந்துச்சு. பெட்டி வராம இருந்தா ஆத்தைக் காலி பண்ணியிருப்பாங்களா? சொல்லுங்க பாப்போம்.

கெப்பல்_கிழவன்:
பெட்டி தானாக நடந்து வந்ததா? உலக வங்கியில் கடன் வாங்கித் துறையைக் கட்டியது துறைமுக ஆணையம். யாரோ உட்கார்ந்து முடிவெடுத்தார்கள், தம்பி. நான் ஹார்பரில் வேலை பார்த்தவன். நீங்கள் யூடியூபில் பார்த்தவர்.

தேக்கா_தம்பி:
வந்துருச்சு, 'நான் ஹார்பர்ல'. புதுசா வந்த துவாஸ் துறைமுகத்துல டிரைவர் இல்லாம வண்டி ஓடுது, தெரியுமா? 2027க்குள்ள தஞ்சோங் பகார், கெப்பல், பிரானி துறையெல்லாம் அங்க போகுது. இது ஒரே அடி இல்லாம என்ன?

கெப்பல்_கிழவன்:
2022ல் திறந்தார்கள், முழுசாக முடிவது 2040களில். உங்கள் அடி விழுவதற்குள் எனக்கே கருமாதி ஆகிவிடும். 1983க்குப் பதில் வரவில்லை.

ஊட்ரம்_அக்கா:
ரெண்டு பேருமே ஒண்ணை மறந்துட்டீங்க. 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல அந்த ஆத்துல சரக்குப் படகுத் தொழில் தென்னிந்தியாவுலேர்ந்து வந்த நம்ம சூலியாக்காரங்க கையிலதான் பெரும்பாலும் இருந்துச்சு. அப்புறம் சீனர் கைக்குப் போச்சு. அப்ப எந்தக் கண்டெய்னர் வந்துச்சு? எந்த உத்தரவு வந்துச்சு?

தேக்கா_தம்பி:
இப்ப 'நம்ம'வா? சூலியா ஸ்திரீட் பத்தி நான் இழை போட்டப்ப "பழங்கதை யாருக்கு வேணும்"னு எழுதுனது யாரு, அக்கா?

ஊட்ரம்_அக்கா:
நான் அப்படி எழுதவே இல்ல.

கெப்பல்_கிழவன்:
எழுதினீர்கள். நானே படித்தேன். ஆனால் அந்த இழையிலும் தம்பி ஒரு வருஷத்தைத் தப்பாகத்தான் போட்டிருந்தார்.

செங்காங்_வாசி:
நான் கேட்டதுக்கு யாராவது?

ஊட்ரம்_அக்கா:
ஸ்கிரீன்ஷாட் போடுங்க, தம்பி. அப்புறம் பேசுவோம்.

தேக்கா_தம்பி:
போடுறேன். இப்ப ஷிப்ட்ல இருக்கேன்.