குளம் தூர்வாருன கம்பெனியோட ரிப்போர்ட்ட எப்படிப் படிக்கணும்?

மானூர்க்காரன்:
அண்ணாச்சிமாரே ஒரு டவுட்டு. எங்கூரு குளத்த ஒரு கம்பெனிக்காரன் ஜேசிபி விட்டுத் தூர்வாருனான், கரம்பை மண்ண நாங்களே டிராக்டர்ல அள்ளிக்கிட்டோம், அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா மடை ஷட்டர ஒருத்தனும் தொடல, பெருகுன தண்ணி மாசிக்கு முன்னாலயே கசிஞ்சு போச்சு. இப்ப அவன் ரிப்போர்ட்ல எங்க குளம் முழுப்பக்க போட்டோ, ஓரத்துல ஐநா கலர் கட்டம் 6-ம் நம்பர். இதெல்லாம் யாரு செக் பண்ணுதா?

பாளை ஆடிட்டர் ஆபீஸ் பொடியன்:
கட்டத்த விடுங்கண்ணே, 2015-ல ஐநா சொன்ன 17 இலக்குல தண்ணிக்கான ஒண்ணு, படம் ஒட்டுறது ஈஸி. குளம் வாருனது சிஎஸ்ஆர் காசு, அதாவது கம்பெனி சமூகப் பொறுப்புக்குன்னு செலவழிக்க வேண்டியது, 2013 கம்பெனி சட்டம் 135-ம் பிரிவு, மூணு வருச சராசரி லாபத்துல 2%. நீங்க பாக்க வேண்டியது பிஆர்எஸ்ஆர், கம்பெனி சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்புக் கணக்கக் காட்டுத வருச ரிப்போர்ட்டு. 2022-23லேருந்து ஷேர் மார்க்கெட்ல இருக்க முதல் 1000 கம்பெனிக்கு, மார்க்கெட்டக் கண்காணிக்க செபி கட்டாயமாக்கிட்டு. அதுல சுற்றுச்சூழலப் பத்துன 6-வது கொள்கைக்குப் போங்க, ஆத்துத்தண்ணி எவ்வளவு, நிலத்தடி எவ்வளவு, வெளிய வாங்குனது எவ்வளவுன்னு கிலோலிட்டர்ல இருக்கும், பக்கத்துலயே போன வருசக் கணக்கும்.

ஊசிக்கோபுரம்:
அங்கயும் ஒரு சூதானம் வேணும்வே. ஒரு ரூவா விற்பனைக்கு எவ்வளவு தண்ணின்னு ஒரு வரி வரும். தண்ணி 100லருந்து 150 ஆகி, விற்பனை 100லருந்து 200 ஆனா அந்த வரி 25% குறைஞ்ச மாதிரி தெரியும், அதத்தான் பெருசா போடுவாவ. போர்வெல்ல உறிஞ்சுனது என்னவோ ஒண்ணரை மடங்கு. மொத்தத்தப் பாரும்.

தேரிக்காட்டுப் பனை:
எங்க பக்கம் லட்சம் பனைவிதை ஊன்றினோம்னு போடுதாவ. எத்தன முளைச்சுதுன்னு ஒரு வரியக் காணோம், ஆடு மேய்க்க தாத்தாட்ட கேட்டா தெரியும் 😄

மானூர்க்காரன்:
தேடிட்டேன். தண்ணித் தட்டுப்பாடு உள்ள இடத்துல ஆலைவாரியா எவ்வளவு எடுத்தீங்கன்னு ஒரு கேள்வி இருக்கு, அதுல வெறும் கோடு போட்டு வச்சிருக்கான்.

பாளை ஆடிட்டர் ஆபீஸ் பொடியன்:
அது 'லீடர்ஷிப்' கேள்விண்ணே, இஷ்டம்னா எழுதலாம். ஷேர் வச்சிருக்கவங்க யாராச்சும் உங்கூர்ல உண்டா? ஏஜிஎம்ல, அதான் ஷேர்காரங்க வருசக் கூட்டத்துல, அந்தக் கோட்டப் பத்திக் கேக்கச் சொல்லுங்க, ஷட்டரையும் சேத்து.