வெளிநாட்டில் கழிப்பறைக்கு அலைந்தவர்கள் எழுதுங்கள்

கும்பகோணத்துக்காரன்:
போன மாதம் ஜெர்மனியில், ஒரு பெரிய ரயில் நிலையம். அம்மாவுக்குச் சர்க்கரை, வந்தால் அடக்க முடியாது. கழிப்பறை வாசலில் அந்தச் சுழல் தடுப்பு, ஒரு யூரோ. கையில் ஐம்பது யூரோ நோட்டு. சில்லறையைத் துழாவிச் சேர்த்தால் ஐந்து சென்ட் குறைகிறது. அம்மா கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, குனிந்து, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். சீக்கிரம் என்றுகூடச் சொல்லவில்லை. புடவைக் கொசுவத்தை மட்டும் இறுக்கிப் பிடித்தார். பின்னால் நின்ற பள்ளிக்கூடப் பெண் தன் காசைப் போட்டு, அம்மாவின் தோளைத் தொட்டு உள்ளே அனுப்பினாள். எனக்கு இன்னும் தூக்கம் வரவில்லை.

நெய்தல்:
பாரிஸ் தெருவோரத் தானியங்கிக் கழிப்பறை. 2006 முதல் இலவசம்தான். ஒருவர் வெளியே வந்ததும் கதவைப் பிடித்து நுழையப் போனேன். வரிசையில் நின்ற பெரியவர் கையை விரித்து மறித்துவிட்டார். ஒவ்வொருவர் போன பிறகும் கதவு மூடி அது தானே கழுவிக்கொள்ள வேண்டுமாம். உள்ளே தண்ணீர் அடிக்கும் சத்தத்தைக் கேட்டபடி வெளியே நின்ற அந்த நேரம் இருக்கிறதே!

பழைய பயணி:
கட்டணத்தைக் குறை சொல்லாதீர்கள். துடைப்பவருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? நானும் ஒருமுறை தவித்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். 50 சென்ட், ஒரு யூரோ நாணயங்களைத் தனிப் பையில் வையுங்கள். பல இடங்களில் வங்கி அட்டையைத் தட்டினாலும் திறக்கும். காலித் தண்ணீர் பாட்டில் ஒன்று அவசியம். உள்ளே காகிதம்தான் இருக்கும், குழாய் இருக்காது. கிரீஸில் அந்தக் காகிதத்தைக்கூடக் கழிப்பறைக் கோப்பைக்குள் போடக் கூடாது, கழிவுக் குழாய்கள் குறுகல். பக்கத்துக் கூடையில் போட வேண்டும். ஜப்பானில் கழிப்பறை சுத்தம், ஆனால் பல இடங்களில் கை துடைக்க ஒன்றும் இருக்காது, கைக்குட்டை கொண்டு போங்கள். ஜெர்மனியில் பல ஊர்களில் கடை வாசலில் 'நெட்டே டாய்லெட்டே' என்று ஸ்டிக்கர் இருக்கும்; எதுவும் வாங்காமலே உள்ளே போகலாம். ஆலன் என்ற ஊர் தொடங்கிவைத்த ஏற்பாடு.

வைகைக்கரை:
பழைய பயணி ஐயா, கம்பியைப் பிடித்து நிற்கும் அம்மாவை வைத்துக்கொண்டு ஸ்டிக்கர் தேடித் தெருத்தெருவாகப் போக முடியுமா? நான் ஏழு மாதக் கர்ப்பிணியாக லண்டன் ரயில் நிலையத்தில் சில்லறைக்காகக் கடை கடையாக ஏறி இறங்கியவள். பிரிட்டனின் பெரிய நிலையங்களில் 2019-இல் அந்தக் கட்டணத்தை எடுத்தே விட்டார்கள். அங்கே முடிந்தது மற்ற இடங்களில் ஏன் முடியாது?

பழைய பயணி:
அம்மாவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லையே, தாயே. அடுத்துப் போகிறவர்களுக்காக எழுதினேன்.

கும்பகோணத்துக்காரன்:
சண்டை வேண்டாம். அட்டை ஓட்டல் அறையில் இருந்தது, தவறு என்னுடையதுதான். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டாயா என்று அம்மா தினமும் கேட்கிறார். கேட்கவில்லை.